மீன் திருடனுக்கு என்ன தண்டனை?

கோழி திருடினால் வழக்கு உண்டு. ஆடு திருடினால் வழக்கு உண்டு. மாடு திருடினால் கேட்கவே வேண்டாம். ஊரே திரண்டு வந்துவிடும்.

மீன் திருடினால்?

சிரிக்காதீர்கள். மறைமலை நகரைச் சுற்றியுள்ள ஊர்களில் இது சிரிக்கிற சங்கதி அல்ல. செங்கற்பட்டு, காஞ்சீபுரம் பகுதிகள் ஏரிகளுக்குப் பெயர் போனவை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகள் வந்துவிட்டன. வயல் இருந்த இடத்தில் மதில் சுவர் எழுந்துவிட்டது. ஆனாலும் ஏரிகள் பல இன்னும் இருக்கின்றன. ரெயிலில் செங்கற்பட்டுக்குப் போகிறவர்கள் ஜன்னல் வழியாகக் கொளவாய் ஏரியைப் பார்த்திருப்பீர்கள். தென்னேரி, மணிமங்கலம், பிள்ளைப்பாக்கம், செம்பரம்பாக்கம், மதுராந்தகம் என்று பெயர் சொல்லிக்கொண்டே போகலாம்.

ஏரியில் தண்ணீர் மட்டுமா இருக்கிறது? மீனும் இருக்கிறது. மீன் என்றால் பணம். அதனால்தான் ஆண்டுதோறும் ஊருக்கு ஊர் "மீன் பாசி ஏலம்" நடக்கிறது. பெரிய மீசைக்காரர்கள் எல்லாம் வந்து உட்கார்ந்து போட்டி போட்டுக் கேட்கிறார்கள்.

ஏலம் எடுத்தவர் என்ன செய்கிறார்? கையில் இருந்த காசு, வட்டிக்கு வாங்கிய காசு இரண்டையும் போட்டு மீன் குஞ்சு வாங்குகிறார். கட்லா, ரோகு, மிர்கால். (இந்த மூன்றும் வடநாட்டு ஆறுகளிலிருந்து நம் ஊருக்கு வந்தவைதான். ஆனால் அவை சர்க்கார் பார்த்துக் கொண்டுவந்த விருந்தாளிகள்.) மழை பெய்து ஏரி நிறைந்ததும் குஞ்சுகளை விடுகிறார். எட்டு மாதம், பத்து மாதம் காத்திருக்கிறார். கரையில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டுக் காவல் காக்கிறார்.

ஒரு நாள் இரவு அவர் சற்றே கண் அயர்கிறார். மறு கரையில் வலை விழுகிறது. விடிந்து பார்த்தால் பத்து மாத உழைப்பு வேறு ஊர்ச் சந்தையில் கிலோக் கணக்கில் விற்றுக்கொண்டிருக்கிறது!

சட்டம் என்ன சொல்கிறது?

இப்படிப் பறிகொடுத்தவர் போலீசுக்குப் போனால் முதலில் கேட்கும் கேள்வி: "ஏரி மீனா? அது எப்படி அய்யா திருட்டாகும்?"

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கோபப்பட வேண்டாம். சட்டத்திலேயே அந்தச் சிக்கல் இருக்கிறது.

ஒருவர் கைவசம் உள்ள பொருளை, அவர் சம்மதம் இல்லாமல், கெட்ட எண்ணத்தோடு எடுத்துப் போவது திருட்டு. 1860-இல் செய்த இந்தியத் தண்டனைச் சட்டம் இப்படித்தான் சொன்னது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவும் இதையே சொல்கிறது. தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

இங்கே "கைவசம்" என்ற சொல்தான் முக்கியம். வீட்டுத் தொட்டியில் இருக்கும் மீன் வீட்டுக்காரர் கைவசம். நாலு பக்கமும் கரை கட்டி, வெளியே போக வழி இல்லாத குட்டையில் இருக்கும் மீன் குட்டைக்காரர் கைவசம். அதை எடுத்தால் திருட்டு. சந்தேகமே இல்லை.

ஆனால் ஆற்று மீன்? இன்று இங்கே இருக்கும். நாளை பத்து மைல் தள்ளி இருக்கும். அது காட்டுப் பறவை மாதிரி. பிடித்தவருக்குத்தான் சொந்தம். கலங்கல் வழிந்து ஓடும் திறந்த பாசன ஏரி மீனும் இந்த ரகம்தான், யார் கைவசமும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 1900-ஆம் ஆண்டு வாக்கிலேயே ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது.

மழைக்காலத்தில் ஏரி நிரம்பி வழிகிறது. ஒரு ஏரி மீன் அடுத்த ஏரிக்குப் போகிறது. அதன் முதுகில் யார் பெயராவது எழுதியிருக்கிறதா? நீதிபதிகள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஏலப் பணம் கட்டியவர் கதி? "இந்த ஏரியில் மீன் பிடிக்கும் தனி உரிமை என்னுடையது, வெளி ஆள் பிடித்தால் எனக்கு நஷ்டம்" என்று அவர் வாதாடலாம். வாதாடித் தீர்ப்பு வாங்குவதற்குள் வக்கீல் செலவு மீன் விலையைத் தாண்டிவிடும்.

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். ஊர் ஏரி ஊருக்குப் பொது என்பது நம் பழைய வழக்கம். புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரைப் பக்கம் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடத்துவார்கள். பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஆணும் பெண்ணும் குழந்தையும் ஊத்தாவும் கூடையும் வலையுமாகக் கண்மாயில் இறங்குவார்கள். யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். அன்று சுற்று வட்டாரம் முழுவதும் மீன் குழம்பு மணக்கும். இப்படி வாழ்ந்த ஜனங்களிடம், "மீன் பிடித்தால் ஜெயில்" என்று ஒரு நாள் திடீரென்று போய்ச் சொன்னால் எப்படி ஏற்பார்கள்?

ஆகவே, ஞாயிற்றுக்கிழமை ஒரு மூங்கில் கம்பும் நூலும் ஒரு டப்பா மண்புழுவும் எடுத்துக்கொண்டு கரையில் உட்காரும் பையனையும், நள்ளிரவில் லாரியோடு வந்து வலை போடுகிறவனையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. பையன் பிடிப்பது நாலு ஜிலேபிக் கெண்டை. அவனைக் காவலாளி, "டேய் தம்பி, எழுந்து போடா" என்று அதட்டினால் போதும். புதிய சட்டத்திலும் இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். திருடிய பொருள் 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல் தடவையாகக் குற்றவாளி ஆனவர் பொருளையோ அதன் விலையையோ திருப்பிக் கொடுத்தால், சமூக சேவை செய்யச் சொல்லி விட்டுவிடலாம். ஏரிக் கரையில் சீமைக் கருவேலம் வெட்டச் சொன்னால் பையனுக்கும் புத்தி வரும், கரைக்கும் நல்லது.

லாரிக்காரன் விஷயம் வேறு. அதைவிட மோசமானவன் ஒருவன் இருக்கிறான். வெடி போடுகிறவன், விஷம் கலக்குகிறவன்.

பதின்மூன்று பவுன்

தண்ணீரில் வெடி வைத்தோ விஷம் கலந்தோ மீன் பிடித்தால் குற்றம் என்று 1897-இல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. தண்டனை என்ன தெரியுமா? இரண்டு மாதம் வரை சிறை. அல்லது 200 ரூபாய் வரை அபராதம்.

இருநூறு ரூபாய்தானா என்று கேட்கிறீர்கள். பொறுங்கள். அந்தக் காலத்தில் ஒரு தங்கப் பவுன் 15 ரூபாய். இருநூறு ரூபாய்க்குப் பதின்மூன்று பவுன் வாங்கலாம்! ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் செய்து வைக்கலாம். வெடி போட நினைத்தவன் ஒன்றுக்கு இரண்டு தடவை யோசித்திருப்பான்.

இன்று இருநூறு ரூபாய்க்கு ஒரு கிலோ கட்லா வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வரலாம். அவ்வளவுதான். பவுன் விலை ஏறியது. மீன் விலை ஏறியது. ஏலத் தொகை ஏறியது. சட்டப் புத்தகத்தில் அச்சான அந்த எண் மட்டும் நூற்றாண்டு தாண்டியும் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. சில மாநிலங்கள் விழித்துக்கொண்டு தமக்கென்று புதிய சட்டம் செய்தன. கேரளம் 2010-இல் உள்நாட்டு மீன்வளத்துக்கென்றே தனிச் சட்டம் போட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1897-க்குப் பதினெட்டு ஆண்டு முன்பே, 1879-இல், சென்னை மாகாணத்தில் மீனுக்காக ஒரு சட்டம் பிறந்துவிட்டது. எந்த மீனுக்கு? நம் விராலுக்கா? கெண்டைக்கா? இல்லை. நீலகிரி மலையில், வெளியிலிருந்து கொண்டுவந்து பழக்கிய மீனுக்கு!

ஊட்டியில் குடியேறிய வெள்ளைக்காரத் துரைமார்களுக்குத் தூண்டில் போடுவது பெரிய பொழுதுபோக்கு. அவர்கள் ஊர் டிரவுட் மீன் இங்கே இல்லையே என்று ஏக்கம். மீன் ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்ற பிரான்சிஸ் டே 1863-இல் டிரவுட்டைக் கொண்டுவர முயன்றார். பலிக்கவில்லை. பிறகும் விடாமல் முயன்றார்கள். 1907-இல் எச். சி. வில்சன் என்பவர் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார். அதன் பிறகுதான் மலை ஓடைகளில் வானவில் டிரவுட் நிலைத்தது. துரைமார்களின் விளையாட்டு மீனுக்கு முதலில் காவல். குடியானவன் வயிற்றுக்கான மீனுக்குப் பிற்பாடுதான் காவல்! அந்த நாள் ஆட்சியின் லட்சணம் இந்த ஒன்றிலேயே தெரிகிறது.

ஜிலேபி வந்த கதை

இதுவரை மீனை எடுத்துக்கொண்டு போகும் திருடனைப் பற்றிப் பேசினோம். மீனைக் கொண்டுவந்து விடும் திருடனும் உண்டு. "கொண்டுவந்து விடுகிறவன் எப்படித் திருடன் ஆவான்? கொடுக்கத்தானே செய்கிறான்?" என்று கேட்பீர்கள். என் அபிப்பிராயத்தில் அவன்தான் பெரிய திருடன். வலைக்காரன் ஒரு வருஷத்து மீனைத் திருடுகிறான். இவன் இனி வரப்போகும் வருஷங்களின் மீனையும் சேர்த்துத் திருடுகிறான்.

உங்கள் வீட்டுச் சட்டியிலிருந்தே ஆரம்பிப்போம். ஜிலேபிக் கெண்டை தெரியாதவர் உண்டா? நம் ஏரி, குளம், சாக்கடை வரை நிறைந்து கிடக்கும் இந்த மீன் நம் ஊர் மீனே அல்ல. ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1952-இல் பாங்காக்கிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டது. ஜனங்களுக்கு மலிவாக மீன் கிடைக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் அது வாயிலேயே முட்டையை வைத்து அடைகாத்துக் குஞ்சு வளர்க்கும் சாமர்த்தியசாலி. சில மாதங்களிலேயே மறுபடியும் முட்டை! பத்து ஜிலேபி விட்ட குளத்தில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆயிரம் ஜிலேபி. விரல் நீளத்துக்கு மேல் வளரவும் இடம் இல்லை. மற்ற மீனுக்கும் இடம் இல்லை. 1959-இலேயே அறிஞர் குழு கூடி, "இதை இனிப் பரப்ப வேண்டாம்" என்று தடை சொன்னது. ஏழே வருஷம்! அதற்குள் குதிரை லாயத்தை விட்டு ஓடியே போய்விட்டது.

இது சர்க்கார் அறிந்து, ஆராய்ச்சி நிலையத்தின் வழியாக, நேர் வழியில் வந்த மீன். அதற்கே இந்தக் கதி. அப்படியானால் திருட்டு வழியில் வந்தது?

இரவில் நடக்கும் மீன்

ஆப்பிரிக்கக் கெளுத்தி என்று ஒரு மீன். வடக்கே இதைத் "தாய் மாங்குர்" என்பார்கள். 1989-இல் தாய்லாந்திலிருந்து வங்காள தேசம் போனது. அங்கிருந்து 1990-களின் தொடக்கத்தில் யாருடைய அனுமதியும் இல்லாமல் எல்லை தாண்டி மேற்கு வங்கத்துக்குள் நுழைந்தது. பிறகு லாரி லாரியாகத் தெற்கே வந்துவிட்டது.

இந்த மீனின் குணத்தைக் கேளுங்கள். தண்ணீரில் காற்று இல்லாவிட்டால் கவலை இல்லை. தலையைத் தூக்கி வெளிக் காற்றைச் சுவாசிக்கும். சாக்கடைத் தண்ணீரிலும் வாழும். மழை ஈரத்தில் இரவு நேரம் கரை ஏறி ஊர்ந்து அடுத்த குட்டைக்குப் போய்விடும். எதையும் தின்னும். மற்ற மீனின் முட்டை, குஞ்சு, தவளை, புழு எதுவும் மிஞ்சாது. சில மாதத்தில் ஒரு கிலோ தாண்டிவிடும். கோழிக் கடைக் கழிவையும் அழுகிய இறைச்சியையும் கொட்டியே வளர்க்கிறார்கள். அந்தக் குட்டைப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் போக முடியும்.

1997-இல் மத்திய அரசு, இதை வளர்க்காதீர்கள், இருப்பதை அழியுங்கள் என்று மாநிலங்களுக்கு எழுதியது. 2000-இல் தடை உறுதியானது. பல வருஷங்களுக்குப் பிறகும் வளர்ப்பு நிற்கவில்லை என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தலையிட வேண்டி வந்தது. மகாராஷ்டிரத்தில் டன் கணக்கில் பிடித்துப் புதைத்தார்கள். தமிழ்நாட்டிலும் பல மாவட்டங்களில் மீன்வளத் துறையினர் குட்டைகளைக் கண்டுபிடித்து அழித்தார்கள். ஆனாலும் சந்தையில் "கெளுத்தி, கெளுத்தி" என்று குறைந்த விலைக்குக் கூவுகிற சில இடங்களில் கூடைக்குள் இருப்பது இதுதான்.

இதைத் தின்றால் அந்த நோய் வரும், இந்த நோய் வரும் என்று ஊரில் பல பேச்சு உண்டு. அந்த விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். நம் குளத்து மீன்களை இது தின்று தீர்த்துவிடும் என்ற ஒரு காரணமே தடைக்குப் போதும்.

அழிக்கப்பட்ட குட்டைக்காரர்களில் பெரும்பாலோர் சிறு விவசாயிகள். "நெல்லு போட்டேன், நஷ்டம். இதுல நாலு காசு பாத்தேன். இதையும் மண்ணு போட்டு மூடிட்டாங்களே, நான் எங்க சார் போவேன்?" என்று கேட்கும்போது பதில் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது. குட்டையை மூடியவர்கள், அவருக்குக் குஞ்சு விற்ற ஆளைப் பிடித்தார்களா? கடைசியில் இருக்கும் ஏழை பிடிபடுகிறார். முதலில் இருக்கும் வியாபாரி அடுத்த மாவட்டத்தில் கடை விரிக்கிறார். வளர்க்க அனுமதியுள்ள மீனும் இல்லாமல் இல்லை. கிப்ட் திலேப்பியா என்ற நல்ல ஜாதி ஜிலேபியை உரிமம் பெற்று வளர்க்கலாம். ஆண் குஞ்சாகவே பார்த்துக் கொடுப்பதால் பழைய ஜிலேபி மாதிரி பெருகித் தொலைக்காது. குட்டையை மூடுகிற அதிகாரி அந்தக் குஞ்சுக்கும் ஒரு வழி சொல்லிவிட்டுப் போனால் என்ன?

தூண்டில்காரர்களுக்காக

வெளியூர் மீன் மேல் மோகம் கொண்ட இன்னொரு கூட்டமும் உண்டு. பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவர்கள். அவர்களுக்கு மீன் குழம்பு முக்கியம் அல்ல. பெரிய மீன் கிடைக்க வேண்டும். தூக்கிப் பிடித்துப் படம் எடுக்க வேண்டும். மறுபடி தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

இங்கிலாந்தில் இது பெரிய வியாபாரம். ஏரிச் சொந்தக்காரர் கட்டணம் வாங்கிக்கொண்டு தூண்டில் போட விடுகிறார். அங்கே "பென்சன்" என்று ஒரு கெண்டை மீன் இருந்தது. மீனுக்குப் பெயர்! எடை சுமார் 29 கிலோ. அறுபது தடவைக்கு மேல் பிடிபட்டு, அறுபது தடவைக்கு மேல் விடுதலை பெற்றது. 2009-இல் அது செத்தபோது பத்திரிகைகள் எல்லாம் இரங்கல் செய்தி போட்டன.

இப்படி ஒரு மீன் ஏரியில் இருந்தால் வாடிக்கை கூடும். அதனால் பெரிய கெண்டைக்கு விலை எக்கச்சக்கம். விலை இருக்கும் இடத்தில் திருடன் வருவான். ஒரு ஏரியில் திருடி இன்னொரு ஏரியில் விற்பதும், கடலுக்கு அப்பால் பிரான்சு போன்ற நாடுகளிலிருந்து உயிரோடு வண்டியில் ஒளித்துக் கொண்டுவருவதும் நடக்கிறது. இதைத் தடுக்க 1980-லேயே அங்கே உயிர் மீன் இறக்குமதிக்கென்று தனிச் சட்டம் செய்தார்கள்.

ஒரு மீனுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? அவர்கள் அஞ்சுவது மீனுக்கு அல்ல. அதன் உடம்பில் ஒட்டி வரும் நோய்க்கு. கெண்டைகளைக் கொல்லும் ஒரு வைரஸ் நோய் 1998 முதல் உலகத்தில் பரவி, போன இடத்தில் எல்லாம் குளங்களைக் காலி செய்தது. நார்வே நாட்டுக் கதை இன்னும் பயங்கரம். 1970-களில் சுவீடனிலிருந்து வாங்கிய மீன் குஞ்சுகளோடு கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒட்டுண்ணி வந்தது. சுமார் ஐம்பது ஆறுகளில் சால்மன் மீன்களை அது தாக்கியது. கடைசியில் ஆற்றுக்கே மருந்து ஊற்றி, இருந்த மீனை எல்லாம் கொன்று, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டி வந்தது!

நமக்கும் இந்த அனுபவம் உண்டு. 1988-இல் உடம்பெல்லாம் புண் வைத்து மீன் சாகும் ஒரு நோய் வங்காள தேசத்தின் பக்கமிருந்து வடகிழக்கு மாநிலங்களுக்குள் வந்தது. சில வருஷத்தில் தமிழ்நாட்டுக் குளங்களுக்கும் வந்துவிட்டது. அதிகம் செத்தது நம் விரால். அந்த நாளில் புண் பட்ட மீனைப் பார்த்து அருவருத்து, மீன் வாங்குவதையே நிறுத்திய குடும்பங்கள் உண்டு. 1994-95-இல் இறாலுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தது. ஆந்திரக் கரையிலும் தமிழ்நாட்டுக் கரையிலும் பண்ணைகள் வரிசையாகப் படுத்தன. வீட்டை விற்றவர்கள், நகையை விற்றவர்கள் எத்தனை பேர்!

அந்தப் பாடத்தைக் கற்றதால்தான் சென்னை நீலாங்கரையில் 2009 முதல் ஒரு தனிமை நிலையம் நடக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் வன்னமை தாய் இறால் நேராகப் பொரிப்பகத்துக்குப் போக முடியாது. இங்கே தங்க வைத்து, சோதித்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகே வெளியே விடுவார்கள். நோய் கண்டால் அழித்துவிடுவார்கள். இறாலுக்கு இப்படி ஒரு வாசல் காவல். பெட்டிக்குள் ஒளிந்து வரும் மீனுக்கு?

இங்கே காவிரி மகசீரின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. கூனல் முதுகுள்ள இந்த ராட்சத மீன் காவிரியிலும் அதன் கிளை ஆறுகளிலும் மட்டும்தான் உண்டு. 1946-இல் கபினி ஆற்றில் 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ எடையுள்ள ஒன்று தூண்டிலில் சிக்கியது. அதைப் பிடிக்கவென்றே சீமையிலிருந்து வந்தார்கள். மீன் குறைந்தது. தூண்டில்காரர்களுக்கு மீன் வேண்டுமே என்று மகாராஷ்டிரத்தின் லோனாவாலாப் பொரிப்பகத்திலிருந்து வேறொரு ஜாதி மகசீர்க் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அது செழித்துவிட்டது. சொந்தக்கார மீன் ஒதுங்கி ஒதுங்கி, 2018-இல் உலகில் அற்றுப்போகும் அபாயத்தின் கடைசிப் படியில் உள்ள உயிர் என்று பட்டியலில் ஏறியது. அணையும் மணல் அள்ளுதலும் வெடியும் கூடக் காரணங்கள்தான். ஆனால் வந்த மீனின் பங்கும் சிறியது அல்ல. இத்தனைக்கும் அதை விட்டவர்கள் கள்ளக் கடத்தல்காரர்கள் இல்லை. மீனைக் காப்பாற்ற நினைத்த நல்லவர்கள்.

பெட்டிக்குள் உயிர்

காசு கொடுத்துத் தூண்டில் போடும் குளங்கள் நம் நாட்டிலும் தலைகாட்டுகின்றன. தாய்லாந்தில் இப்படிப்பட்ட குளங்களில் அமேசான் ஆற்று அரபைமாவை விட்டிருக்கிறார்கள். ஆள் நீளத்துக்கு மேல் வளரும். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இங்கேயும் ஆசைப்படுகிறவர்கள் உண்டு. ஆசைப்பட்டால் மீன் வந்துவிடுகிறது! 2018 பெரு வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தின் சாலக்குடி ஆற்றில் அரபைமா வலையில் சிக்கியது. அமேசானிலிருந்து நீந்தியா வந்தது? யாரோ கொண்டுவந்து வளர்த்தார்கள். வெள்ளம் கரையை உடைத்தது. 2015 டிசம்பரில் அடையாறு எத்தனை வீடுகளுக்குள் புகுந்தது என்று நம் பக்கத்து ஜனங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்படி ஒரு ராத்திரி போதும். ஒரு குளத்து மீன் பத்து ஏரிக்கும் போய்விடும்.

சென்னை விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து வருகிறவர்களின் பெட்டியில் ஆமை, ஓணான், பாம்பு, குரங்குக் குட்டி வரை பிடிபட்ட செய்திகளை நீங்கள் படித்திருப்பீர்கள். பல தடவை அந்த உயிர்களை வந்த விமானத்திலேயே திருப்பி அனுப்பினார்கள். பிடிபட்ட பயணி பெரும்பாலும் கூலிக்குப் பெட்டி தூக்கிய ஆள். பெட்டி யாருக்குப் போக வேண்டியதோ அவர் சுகமாக வீட்டில் இருக்கிறார்.

தண்டிக்கச் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டப்படி பறிமுதல் செய்யலாம்; கடுமையான வழக்குகளில் ஏழு ஆண்டு வரை சிறைக்கு அனுப்பலாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை 2022-இல் திருத்தி, நம் நாட்டு உயிர்களைக் கெடுக்கும் அந்நிய உயிர்களின் இறக்குமதி, வியாபாரம், வைத்திருத்தல் ஆகியவற்றைத் தடை செய்ய மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுத்தார்கள். அரபைமா மாதிரி உலக ஒப்பந்தப் பட்டியலில் உள்ள உயிர்களை வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்றும் அதே திருத்தம் சொல்கிறது.

சட்டம் ஒரு அலமாரி நிறைய இருக்கிறது. ஆனால் சுங்கச் சட்டத்தின் கண் பொருளின் விலை மேல்தான். ஒரு பாலிதீன் பையில் இருக்கும் நாலு மீன் குஞ்சின் விலை என்ன? சில ஆயிரம் இருக்கலாம். அது ஏரியில் விழுந்த பிறகு உண்டாகும் நஷ்டம் எத்தனை கோடி? அதைக் கணக்குப் போட்டு வசூலிக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் வரவில்லை. கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில், உயிருள்ள ஆசியக் கெண்டையை லாரியில் கொண்டுவந்தவர்களுக்கு 2011 வாக்கில் ஐம்பதாயிரம் டாலர் வரை அபராதம் போட்டார்கள். அந்தக் கெண்டை அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றைப் பிடித்துக்கொண்டது. பெரிய ஏரிகளுக்குள் மட்டும் நுழைந்துவிடக் கூடாது என்று இரு நாடுகளும் கோடிக் கணக்கில் செலவழிக்கின்றன. செலவு தெரிந்ததால் அபராதமும் தெரிந்து போட்டார்கள்.

நமக்கும் அந்தக் கணக்குத்தான் வேண்டும். இரவில் வலை போட்டு ஏலக்காரர் மீனை அள்ளுகிறவனிடம் மீனின் முழு விலையையும் வாங்கி ஏலக்காரரிடம் கொடுக்க வேண்டும். மூன்று வருஷ ஜெயிலைவிட இது ஏலக்காரருக்கு உபயோகம். வெடிக்கும் விஷத்துக்கும் 1897-இன் எண்ணைத் தூக்கிவிட்டு இன்றைய பவுன் கணக்கில் அபராதம் எழுத வேண்டும். தடை செய்த குஞ்சை விற்றவன் வீட்டுப் பணத்தில்தான் அந்தக் குட்டையைத் துப்புரவு செய்ய வேண்டும். வாங்கிய ஏழை வீட்டுப் பணத்தில் அல்ல. ஏலப் பத்திரத்திலும் ஒரு வரி சேர்க்கலாம்: எந்தப் பண்ணையில் குஞ்சு வாங்கினார், என்ன ஜாதி, எத்தனை என்பதற்கு ரசீது காட்ட வேண்டும். ரசீது கேட்கத் தனி அதிகாரி வேண்டாம். ஏரிப் பாசனத்தாருக்கும் ஊராட்சிக்கும் அந்த உரிமையைக் கொடுத்தால் போதும். அவர்களுக்குத் தெரியாமல் ஏரியில் ஒரு தவளைகூட இறங்காது.

வீட்டில் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் குடும்பங்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. "டேங்க் கிளீனர்" என்று ஒரு கறுப்பு மீன் விற்கிறார்கள். தொட்டிப் பாசியைத் தின்னும் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்குவார்கள். வாங்கும்போது சுண்டு விரல் அளவு. வளர்ந்தால் ஒன்றரை அடி! தொட்டி கொள்ளாது. கொல்ல மனம் வராது. "பாவம், எங்கேயாவது பிழைத்துப் போகட்டும்" என்று பக்கத்து ஏரியில் விட்டுவிடுகிறார்கள். புண்ணியம் என்று நினைத்துச் செய்வதுதான். அது ஏரியில் பிழைத்துக்கொள்ளும், பெருகியும் விடும். கரையில் பொந்து தோண்டும். அதன் முதுகு முள்ளும் செதிலும் ரம்பம் மாதிரி. மீனவர் வலையில் மாட்டினால் வலை கிழியும். நம் ஊரில் அதைக் கறிக்கு வாங்குவார் இல்லை. வலையை விரித்து நாள் முழுக்க முடிச்சுப் போட வேண்டியவர் அவர் மனைவிதான். தொட்டிக்கு மீன் பெரிதாகிவிட்டால், வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம். கொளத்தூர் போன்ற இடங்களில் அலங்கார மீன் கடைகள் தெருத் தெருவாக இருக்கின்றன. காசு திரும்பக் கிடைக்காது. மீனை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளும் கடைக்காரர்கள் உண்டு.